திரை யார் கையில்?

திரை என்ற சொல் நமக்குப் புதிதன்று. திரைக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தது நம் இயக்கம். கருவறை வாயிலில் தொங்கும் துணியைச் சுட்டிக்காட்டி, "அதை விலக்கும் உரிமை ஒரு குலத்தாருக்கு மட்டும் உரியதாயிற்றே, எப்படி? மற்றவர் கைகளுக்கு என்ன குறை?" என்று வினவினர் நம் முன்னோடிகள். வினாவுக்கு விடை வரவில்லை, வசைதான் வந்தது. வடலூரில் 1872ஆம் ஆண்டு ஞானசபை நிறுவிய வள்ளலாரும் அங்கே ஏழு திரைகளைத் தொங்கவிட்டார். தொங்குவதற்காக அல்ல, ஒவ்வொன்றாக விலகுவதற்காக! ஒளி நன்று, திரை தீது; அறிவு ஒளி, அறியாமை இருள்; இப்படியே மேடையில் பேசினோம், ஏட்டில் எழுதினோம், பழகிவிட்டோம்.

அப்படிப் பழகிய இளைஞர் ஒருவர் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போகிறார். கூடத்தில் ஒளி மங்கல். கண்ணாடிப் பேழை ஒன்றின்மேல் தடித்த துணி போர்த்தியிருக்கிறது. "அறிவின் கூடம் என்று சொல்லிக்கொள்ளும் இடத்திலுமா மூடுதிரை?" என்று அவர் முகம் சுளித்தால் நான் வியப்படையமாட்டேன். அந்தச் சுளிப்பிலே நேர்மை இருக்கிறது. ஆனால் நேர்மை மட்டும் போதாது; ஆராய்ச்சியும் வேண்டும். பேழைமேல் போர்த்திய அந்தத் துணி வேண்டும் என்பது என் கருத்து. அது பல இடங்களில் தொங்குகிற முறை வேண்டாம் என்பதும் என் கருத்து. இரண்டுக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் துணியின் பக்கம் நின்று பேசுவோம்.

ஒளி காட்டுகிறது, காட்டிக்கொண்டே தின்கிறது. இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். அது மறைத்திருந்த இடத்தில் சுவரின் பழைய நிறம் பளிச்சென்று தெரியும். வகுப்பறைச் சன்னலுக்கு எதிரே மாட்டிய நிலப்படத்தில், வெயில் படும் பாதியில் கடல் வெளுத்திருக்கும். நிழலில் கிடந்த பாதியில் கடல் கடலாகவே இருக்கும். கொடியில் நாள்தோறும் காயும் சேலையின் ஒரு பக்கம் ஏன் சோர்ந்துபோகிறது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். சாயத்தின் நுண்துகள்மீது ஒளி மோதுகிறது, காற்றில் உள்ள உயிர்வளியும் ஈரமும் துணைக்கு வருகின்றன, துகளின் கட்டு உடைகிறது, நிறம் போகிறது. போன நிறம் திரும்பாது. எந்த மருந்தும் இல்லை, எந்த மந்திரமும் இல்லை. இன்று பட்ட ஒளி நேற்றுப் பட்டதோடு சேர்ந்துகொள்ளும்; நாளைப் படுவது இரண்டோடும் சேரும். கடன்காரன் கணக்குப் போல ஏறிக்கொண்டே போகுமே தவிர, ஓய்வு கொடுத்தால் இறங்காது.

எல்லாப் பொருளுக்கும் இந்த ஆபத்து உண்டா? இல்லை. கல்லுக்கு இல்லை. வெண்கலத்துக்கு இல்லை. சுட்ட மண்ணுக்குப் பெரும்பாலும் இல்லை. சாயமிட்ட துணி, பட்டு, பறவை இறகு, நீர்வண்ண ஓவியம், கையெழுத்துச் சுவடி, பழைய ஒளிப்படம், செய்தித்தாள் ஆகிய இவைதாம் ஒளிக்கு இரையாகின்றவை. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள், தோழர்களே! ஒளியால் எந்தக் கேடும் அடையாத கல்லுக்கு நம் நாட்டில் காலங்காலமாகத் திரை போட்டிருக்கிறார்கள். ஒளி பட்டால் அழிந்துபோகும் ஓவியத்துக்கும் துணிக்கும் திரை போட நினைத்தவர் மிகச் சிலர். காப்பாற்றத் தேவையில்லாததைக் காப்பாற்றினோம். தேவையானதை வெயிலில் போட்டோம்!

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு இல்லாத பகுத்தறிவு, வாய்ச்சொல்லாகவே முடியும்.

ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நிறம் மங்கக்கூடிய பொருள்களுக்கு அருங்காட்சியகத்தார் நெடுநாளாகக் கைக்கொண்டுவரும் அளவு 50 லக்ஸ். அவ்வளவு மங்கிய ஒளியிலும் நேரம் கூடக்கூடக் கேடு கூடும். ஆகவே ஒளியின் அளவையும் நேரத்தையும் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். மிக எளிதில் மங்கும் பொருள்களுக்கு ஓராண்டில் 15,000 லக்ஸ்-மணிக்கு மேல் வேண்டாம் என்பது பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை. நண்பகல் வெயில் நேராக ஒரே ஒரு மணி நேரம் பட்டால் என்ன ஆகும்? ஆறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒதுக்கீடு அந்த ஒரு மணியில் தீர்ந்துவிடும்!

50 லக்ஸ் ஒளியில் 15,000 என்பது 300 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் கூடம் திறந்திருந்தால், 37 நாட்கள் முடிந்து 38ஆம் நாள் பாதியில் ஆண்டின் பங்கு முடிந்துவிடும். பிறகு அந்தப் பொருளை இருட்டறையில் வைத்துப் பூட்டவேண்டும். மீதியுள்ள 327 நாட்களில் வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பூட்டாவிட்டால் பொருள் போகும். பூட்டினால் மக்கள் உரிமை போகும். இந்த இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கிறது நாலு முழத் துணி.

எப்படி? பேழைமேல் துணி கிடக்கிறது. ஒருவர் வருகிறார், தூக்குகிறார், அரை நிமிடம் பார்க்கிறார், விட்டுவிடுகிறார். அரை நிமிட ஒளிதான் செலவு. ஒரு மணி நேர ஒளியை 120 பேர் தனித்தனியே பயன்படுத்தலாம். நாளொன்றுக்கு ஒரு மணி என்று வைத்தால் 300 நாட்களுக்கு அந்தப் பொருள் மக்கள் முன்னிலையில் இருக்கும். 36,000 பேர் பார்த்திருப்பார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து நின்று பார்த்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். துணி இல்லாத பேழையில் நடப்பது என்ன? கூடத்தில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் விளக்கு எரிகிறது. காவலர் கொட்டாவி விடும்போதும், துப்புரவாளர் தரை துடைக்கும்போதும் நிறம் கரைந்துகொண்டே இருக்கிறது. யார் கண்ணுக்கும் பயன்படாத ஒளிக்காக ஒரு கலைஞரின் உழைப்பு எரிக்கப்படுகிறது. வீண்செலவு என்று வேறு எதைச் சொல்வது?

ஆக, துணி பொருளை மறைப்பதற்காக வந்ததன்று. ஆண்டு முழுவதும் காட்டுவதற்காக வந்தது. இந்த உண்மையை உணராதவர்தாம் அதைக் கருவறைத் திரையோடு ஒப்பிடுவர்.

இன்னொரு நன்மையும் உண்டு, அதிகம் பேசப்படாதது. வயதானவர்களின் கண்ணுக்கு 50 லக்ஸ் போதாது. இளைஞர் காணும் நுண்கோடு அவர்களுக்குப் புகையாகத் தெரியும். துணி போர்த்திய பேழையில் நேரம் மிச்சமாகிறது. மிச்சமான நேரத்தை ஒளியாக மாற்றிக்கொள்ளலாம். 100 லக்ஸில் அரை மணியும் 50 லக்ஸில் ஒரு மணியும் கணக்கில் ஒன்றே. பார்க்கும் அந்த அரை நிமிடம் முதியவரும் தெளிவாகப் பார்க்கட்டுமே!

ஒளி நிறத்தைத் தின்னும் என்ற உண்மையை உலகம் எளிதில் ஒப்புக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு போராட்டம் நடந்தது. இலண்டனில் 1857ஆம் ஆண்டு தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; 1899இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று பெயர் மாறிற்று. அதன் பொறுப்பில் இருந்த ஹென்றி கோல் ஒரு புதுமை செய்தார்: எரிவாயு விளக்கு வைத்தார். எதற்காக? பகலெல்லாம் ஆலையில் உழைத்துவிட்டு வருகிறவன் மாலையில் வந்து பார்க்கட்டும் என்பதற்காக. பகலில் ஓய்வுள்ள சீமான்களுக்கு மட்டும் உரியதாக இருந்த கலைக்கூடத்தின் கதவு, பாட்டாளிக்கு விளக்கொளியில் திறந்தது. அந்த விளக்கால் ஓவியங்களுக்குக் கேடு வருமோ என்று ஐயம் எழுந்தபோது, பாரடே, டிண்டால் முதலிய அறிவியலாளர்கள் அடங்கிய குழு ஆராய்ந்து, முறையாக அமைத்தால் தடையில்லை என்று 1859இல் கூறிற்று. ஒளி இங்கே சமத்துவத்தின் கருவியாக இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. விளக்கை அணை என்று சொல்கிறவன் யாராக இருந்தாலும், முதலில் அந்தப் பாட்டாளிக்கு விடை சொல்லியாகவேண்டும்.

பின்பு 1886இல் வேறொரு பூசல் மூண்டது. ஒளியில் தொங்கும் நீர்வண்ண ஓவியங்கள் மங்கி அழிகின்றன என்று கலையறிஞர் ராபின்சன் 'டைம்ஸ்' ஏட்டில் எழுதினார். ஓவியர் உலகம் கொதித்தெழுந்தது. மங்கவில்லை என்றனர், மங்காது என்றனர், பழைய ஓவியங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்து, பாருங்கள் என்றனர். அவர்களுடைய சினத்தில் கலைப்பற்று எவ்வளவு, விலை விழுந்துவிடுமே என்ற அச்சம் எவ்வளவு என்பதை வாசகர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன். எங்கும் நடப்பதுதானே இது! வாணிகத்துக்கு ஒவ்வாத உண்மை வந்தால், உண்மையைத்தான் முதலில் குற்றக்கூண்டில் ஏற்றுவார்கள்.

ஆனால் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. யார் குரல் பெரிது என்று பார்க்கவில்லை; சோதித்துப் பார்த்தார்கள். வேதியியலாளர் ரசல், இராணுவப் பொறியாளரும் ஒளிப்பட ஆய்வாளருமான ஆப்னி ஆகிய இருவரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. தாளில் நிறங்களைப் பூசி, கண்ணாடிக் குழாய்களில் இட்டு, மாதக்கணக்கில் வெயிலில் வைத்தார்கள். அதே நிறம் பூசிய வேறு துண்டை ஒளி படாமல் மூடிவைத்தார்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெயில் கண்டது வெளுத்தது, மூடியது நிலைத்தது. நீல ஒளி செய்யும் கேட்டைச் சிவப்பொளி செய்வதில்லை என்றும், காற்றும் ஈரமும் நீக்கிய குழாயில் பெரும்பாலான நிறங்கள் மங்கவில்லை என்றும் கண்டனர். 1888இல் வெளிவந்த அவர்கள் அறிக்கை பூசலைத் தீர்த்துவைத்த விதம் எனக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது. மெய்ப்பித்துக் காட்டியது எது? மூடிவைத்த துண்டு! அது இல்லையேல், வெளுத்த துண்டு எவ்வளவு வெளுத்தது என்று அளப்பதற்கே வழியில்லை. மூடல் அங்கே மறைப்பாக இல்லை, சான்றாக இருந்தது.

சான்று என்றதும் நம் கரையின் துணிகள் நினைவுக்கு வருகின்றன.

சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமிட்ட பருத்தித் துணிகள் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவை மயக்கின. அங்குள்ள நெசவாலைக்காரர் அஞ்சி அலறும் அளவுக்கு மயக்கின. பிரான்சு 1686இல் தடை போட்டது, இங்கிலாந்து 1700இலும் பின்னர் 1721இலும் சட்டம் செய்தது. அப்படிப் போன துணிகளில் எஞ்சியவை பல, நாம் மேலே சொன்ன அதே இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் சிவப்பு நம் சாயவேர் தந்த சிவப்பு; அசையாத சிவப்பு. நீலம் அவுரி தந்தது. பச்சை? பச்சைக்குத் தனிச் சாயம் இல்லை. நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டிப் பச்சை ஆக்கினார்கள். அந்த மஞ்சளோ ஒளிக்கு நிற்காதது. ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சள் பறந்தது, நீலம் நின்றது. விளைவு? பல துணிகளில் இன்று கொடியும் பூவும் உரிய நிறத்தில் இருக்க, இலை மட்டும் நீலமாக நிற்கிறது!

நீல இலையைப் பார்க்கிற அயலார் என்ன நினைப்பார்? கீழைநாட்டுக் கலைஞனின் விந்தைக் கற்பனை என்று நினைப்பார். அவர் மேல் குற்றமில்லை. கண்ணெதிரே இருப்பது அதுதானே. அந்தச் சாயக்காரரோ மரத்தைப் பார்த்துத்தான் எழுதினார். அவர் இலை பச்சையாகத்தான் இருந்தது. உழைத்தவர் பெயர் துணியில் இல்லை. அவர் விட்டுச்சென்ற ஒரே வாக்குமூலம் அந்தத் துணி. அதையும் ஒளி திருத்தி எழுதிவிட்டது. ஏட்டைத் திருத்தி வரலாற்றைப் புரட்டுகிறவர்களோடு மல்லுக்கு நிற்கிற நாம், ஓசையின்றித் திருத்தும் இந்த ஒளியைக் கண்டும் காணாமல் இருக்கலாமா? கண்ட அளவில் நம்பு என்பதன்று பகுத்தறிவு. கண்டது எப்படி அந்நிலை அடைந்தது என்றும் கேட்கவேண்டும்.

துணியைப் பற்றியே சில சொல். செல்வாக்கைக் காட்ட விரும்பும் சில இடங்களில் பட்டும் வெல்வெட்டும் போர்த்திப் பளபளக்கச் செய்கிறார்கள். தேவையில்லாத ஆரவாரம். இந்த வேலைக்கு ஏற்றது வெளுக்காத, சாயமிடாத பருத்தித் துணி. நம் கடைத்தெருவில் காடா என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே கள்ளிக்கோட்டையிலிருந்து போனது. வாங்கியதும் போர்த்திவிடக் கூடாது. நெய்யும்போது ஏற்றிய கஞ்சி போகும்வரை வெந்நீரில் அலசவேண்டும். இல்லாவிட்டால் பூச்சிக்கு நாமே விருந்து வைத்தவர்கள் ஆவோம். மெல்லிய துணி ஒளியைத் தடுக்காது. விளக்குக்கு எதிரே பிடித்து, பின்னால் கையை அசைத்துப் பாருங்கள். கை தெரிந்தால் அந்தத் துணி வெறும் ஒப்பனை. இரண்டு மடிப்பு வையுங்கள். கறுப்புத் துணி ஒளியை நன்றாகத் தடுக்கும். நமக்குப் பிடித்த நிறமுங்கூட! ஆனால் வெயில் விழும் இடத்தில் கறுப்பு சூட்டை வாங்கிப் பேழையை அடுப்பாக்கிவிடும். மேலே வெள்ளைக் காடா, உள்ளே சாயம் இளகாத கறுப்பு என்று சேர்த்துத் தைப்பது நல்லது. அதைவிட நல்லது பேழையை வெயிலைவிட்டு நகர்த்துவது.

துணி கண்ணாடிமேல் கிடக்கவேண்டும், பொருள்மேல் படக்கூடாது. தூக்கும்போதெல்லாம் உராய்ந்தால் இறகும் பட்டும் நைந்துபோகும். வெள்ளிப் பொருள் உள்ள பேழைக்குள் கம்பளித் துணி கூடாது. கம்பளியிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கவைக்கும். தூசு படிந்த துணியை உதறினால் கூடமெல்லாம் தூசு. ஆகவே ஒன்று துவைக்கப் போயிருக்கும்போது போர்த்த மற்றொன்று வேண்டும். கீழ் விளிம்பில் மெல்லிய கழி ஒன்றை வைத்துத் தைத்தால் ஒரு கையால் தூக்கலாம், விட்டால் நேராக விழும். இவ்வளவுதான் செலவு. கைத்தறியாளர் வாட்டம் போக்க, 1953இல் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்ற இயக்கம் இது. நாட்டிலுள்ள பேழைகளுக்கெல்லாம் கைத்தறிக் காடா என்று அரசு ஆணையிட்டால் யாருக்கு நட்டம்?

இவ்வளவும் துணியின் பக்கம். இனி என் வழக்கு.

பேழைமேல் துணி இருக்கிறது. அதன் அருகே என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை, இருந்தால் ஒரு கட்டளை. பார்த்தபின் மூடுக! ஏன் மூடவேண்டும்? சொல்லமாட்டார்கள். காரணம் சொல்லாத கட்டளைக்கும் நாம் அறிந்த பழைய கட்டளைகளுக்கும் என்ன வேறுபாடு? பின்னே நிற்பது அறிவியல் என்பது எனக்குத் தெரியும்; வாசலில் நிற்கிற பொதுமகனுக்கு எப்படித் தெரியும்? காரணத்தை மறைத்துவைத்த அறிவியல் சடங்காகத்தான் தோற்றமளிக்கும். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு நாலு வரியில் சொல்லிவிடக் கூடிய செய்தியை எழுதி ஒட்டாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிடப் பெரிது ஒன்று. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் யார்? சிற்றூரிலிருந்து வண்டி பிடித்து வந்த குடும்பம். செருப்பை வெளியே விடவேண்டுமோ என்று வாயிலில் தயங்கி நிற்கும் முதியவர். பாட்டன் காலம் முதல் "தொடாதே, எட்டி நில், தீட்டு" என்ற மூன்று சொற்களைக் கேட்டே கை கட்டிப் பழகியவர். அவர் முன்னே கண்ணாடிப் பேழை. அதன்மேல் வெள்ளைத் துணி. அவர் தூக்கிப் பார்ப்பார் என்றா நினைக்கிறீர்கள்? மாட்டார். அது தமக்கு இல்லை என்று எண்ணி, பணிவோடு கடந்து அடுத்த கூடத்துக்குப் போய்விடுவார். பட்டணத்துப் படித்தவர் வருவார்; தயக்கமின்றித் தூக்குவார்; பார்ப்பார்; வியப்பார். ஒரே துணி! ஒருவருக்குக் கதவு, மற்றவருக்குச் சுவர். சட்டம் தடுக்கவில்லை, காவலர் தடுக்கவில்லை, பழக்கம் தடுக்கிறது. துணியைத் தொங்கவிட்டவர் இதை எண்ணியிருக்கமாட்டார். எண்ணாமல் விட்டது குற்றமில்லையா?

"தூக்கிப் பாருங்கள்" என்ற அழைப்பு, அதுவும் பெரிய எழுத்தில், தமிழில், பேழையின்மேல் முதலில் கண்ணில் படும் இடத்தில் இருக்கவேண்டும். படிக்கத் தெரியாதவருக்காக ஒரு கை துணியைத் தூக்குவது போன்ற படம் வேண்டும். காவலர் வாய்திறந்து, "ஐயா, நீங்களே தூக்கிப் பாருங்கள், அம்மா, பிள்ளைக்கும் காட்டுங்கள்" என்று சொல்லப் பழகவேண்டும். விளிம்பு சிறுவனின் கைக்கும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவரின் கைக்கும் எட்டவேண்டும். இவை இல்லாத துணி எவ்வளவு நல்ல காடாவாக இருந்தாலும் எனக்குக் கருவறைத் திரைதான்.

துணிக்கு மாற்று உண்டே என்பர். உண்டு. அதே இலண்டன் அருங்காட்சியகத்தில், 1539-40இல் நெய்து முடித்ததாகத் தன்மேலேயே தேதி தாங்கி நிற்கும் அர்தபில் கம்பளத்துக்கு, 2006இல் புதுக்கூடம் திறந்தபோது ஓர் ஏற்பாடு செய்தார்கள்: அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் விளக்கு எரியும். கம்பளம் மிகப் பெரிது; அதற்குத் துணி போர்த்தித் தூக்கமுடியாது; ஆகவே அந்த இடத்துக்கு அது பொருந்தும். கடிகாரத்துக்குச் சாதி இல்லை என்பதும் உண்மை. எனினும் இருள் நேரத்தில் வந்து சேர்ந்தவர் இருபது நிமிடம் காத்திருக்கவேண்டும்; ஊர் திரும்பும் வண்டிக்கு நேரமானவர் காத்திருக்க முடியுமா? சிறு பொருள்களுக்கு நான் துணியையே விரும்புவேன். அங்கே எப்போது பார்ப்பது என்று முடிவு செய்கிறவர் பார்க்கிறவர்தாம். தூக்கிய கை, தான் தூக்கியதால் கொஞ்சம் நிறம் செலவாகிறது என்பதையும் அறிந்திருந்தால், இறக்கிவிடவும் மறக்காது.

ஹென்றி வான் என்ற செல்வர் செய்ததை இங்கே சொல்லவேண்டும். 1899இல் மறைந்த அவர், டர்னர் தீட்டிய 38 நீர்வண்ண ஓவியங்களை ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு விட்டுச்சென்றார். அயர்லாந்துக்கும் 31 தந்தார். உயிலில் ஒரு விதி: ஆண்டுதோறும் சனவரித் திங்களில் மட்டும் காட்டவேண்டும். வடபுலத்தில் சனவரி வெயில் மிகவும் நலிந்தது. அதனால் இந்தத் தேர்வு. விதியின் மறுபாதி: கட்டணம் வாங்கக்கூடாது! காப்பதற்கு ஒரு வரி, காட்டுவதற்கு ஒரு வரி. இரண்டையும் அவர் பிரிக்கவில்லை. நூறாண்டு கடந்தும் அந்த ஓவியங்களின் நிறம் நிலைத்து நிற்கிறது; சனவரியில் மக்கள் திரண்டு வந்து பார்க்கிறார்கள். செல்வர் ஒருவரின் உயிலில் இருந்த இந்தத் தெளிவு, பொதுப்பணத்தில் நடக்கும் கூடங்களின் அறிவிப்புப் பலகையில் இல்லாதது வருத்தமன்றோ?

பிறரைக் குறை கூறுவதோடு நிற்பது நேர்மையாகாது; நம் படிப்பகங்களுக்கு வருவோம். 1925ஆம் ஆண்டு தொடங்கிய 'குடிஅரசு' முதலாகப் பழைய இதழ்கள், துண்டறிக்கைகள், மாநாட்டு ஒளிப்படங்கள் எத்தனையோ ஊர்களில் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் தொங்குகின்றன. எங்கே தொங்குகின்றன? தெருவில் போகிறவர் கண்ணிலும் படட்டும் என்று சன்னலுக்கு எதிரே! பகலில் வெயில், இரவெல்லாம் தலைக்குமேல் குழல்விளக்கு. செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்தது. ஒளி பட்டால் பழுப்பேறி, மொறுமொறுத்து, மடித்த இடத்தில் உடையும். ஒளிப்படத்தில் முதலில் மறைவது முகங்கள். சிறை சென்றவர், அடிபட்டவர், பெயர் பதியாமல் பின்வரிசையில் நின்ற தொண்டர் ஆகியோரின் முகங்கள். பெருமைக்காகத் தொங்கவிட்டோம்; தொங்கவிட்டே அழிக்கிறோம். தலைவர்களின் நூல்கள் மறுபதிப்பாகும். ஓர் ஊரின் துண்டறிக்கைக்கு மறுபதிப்பு ஏது?

சுவரில் தொங்குவது படியாக இருக்கட்டும். மூலம் இருட்டில், அமிலமில்லாத உறையில் இருக்கட்டும். மூலத்தைத்தான் காட்டவேண்டும் என்று தோழர்கள் விரும்பினால், சன்னல் பக்கத்தைவிட்டு மாற்றி, சட்டத்தின்மேல் கழி வைத்துத் தைத்த காடாவைத் தொங்கவிடுங்கள். ஒரு விடுமுறை நாளின் பிற்பகல் போதும். பக்கத்தில் ஓர் அட்டை: "1930களின் இதழ் இது. ஒளி இதன் நிறத்தையும் தாளையும் அழிக்கும். ஆகவே துணி போட்டிருக்கிறோம். தூக்கிப் பாருங்கள், படியுங்கள், பிறகு இறக்கிவிடுங்கள்." இதழின் ஆண்டை மட்டும் சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 'தொடாதீர்' என்ற சொல் அந்த அட்டையில் எந்த மூலையிலும் வேண்டாம்.